கண் சிமிட்டும் கார்

அத்தியாயம் ஏழு

சனிக்கிழமை காலையிலும் கார் கிளம்பவில்லை.

சும்மா கிளம்பாமல் இருந்திருந்தாலாவது ஒரு மரியாதை. பொத்தானை அமுக்கியதும், பக்கத்து வீட்டுத் துக்கத்தைக் கேட்டவர் மாதிரி உச்சுக் கொட்டியது. திரையில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒரு தடவை எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. மணி காட்டும் எண்கள் மட்டும் கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு அவையும் போயின.

மருமகள் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். போதாக்குறைக்கு அவளுக்குக் கால் வேறு எட்டவில்லை. யாரோ சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். மாமனார் உள்ளே துடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, அடியில் இருந்த கம்பியைப் பிடித்துச் சீட்டை முன்னால் இழுத்தாள். கால் எட்டியது. எட்டி என்ன புண்ணியம்?

வாங்கிப் பதினான்கு நாளாகிறது. அதில் இது ஐந்தாவது தடவை. செவ்வாய்க்கிழமை பெட்ரோல் பங்கில் நடந்த கூத்தைப் போன அத்தியாயத்திலேயே பார்த்தோம். பின்னால் பதினொரு வண்டிகள் ஹாரன் அடிக்க, கணவன் தன் அம்மாவை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்துவிட்டுத் தள்ளினான். மாமியாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார். அந்தப் பங்கின் பக்கம் இனித் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று கணவன் சொல்லிவிட்டான். புதன்கிழமையிலிருந்து மருமகள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறாள். வண்டி ஷெட்டில் நிற்கிறது.

சர்வீஸ் சென்டரில் முதல் வாரமே இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். அங்கே பெண் வீட்டு விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அவ்வளவு சமர்த்தாக இருந்ததாம். ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே படுத்துக்கொண்டது.

இன்று மாலை ஐந்து மணிக்கு இரண்டு கதவுகள் மூடுகின்றன. ஒன்று ஷோரூம் கதவு. பிடிக்கவில்லை என்றால் பதினான்கு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பது ஷோரூம்காரர்களின் வாக்கு. அந்த வாக்கு இன்றோடு முடிகிறது. இன்னொன்று அவளுடைய முதலாளியின் கதவு. எட்டு வருஷமாக ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து, மூக்குக்கேற்ற ஃப்ரேம் மாட்டிவிடுகிறவள் அவள். முதலாளி நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் புதுக் கிளை திறக்கிறார். அதன் பொறுப்பு அவளுக்குத்தான், வண்டி இருந்தால். காலை எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. "அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க. இல்லேன்னா அடுத்த ஆளைக் கேக்கணும்" என்று நேற்றுச் சொல்லி அனுப்பினார். அடுத்த ஆள் யார் என்றும் அவளுக்குத் தெரியும். ஃப்ரேமைத் தலைகீழாக மாட்டிவிடுகிற ஆள்.

அந்தப் பொறுப்பு அவளுக்கு வேண்டும். வேண்டாத மாதிரி நடிக்க அவளால் முடியவில்லை.

கார் ஜன்னலில் ஒரு காகிதம் தெரிந்தது. காகிதத்துக்குப் பின்னால் கணவன் நின்றான்.

"கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மீதி எல்லாம் நானே நிரப்பிட்டேன்."

"எப்ப நிரப்பினீங்க?"

"நேத்தே. இன்னிக்கும் கிளம்பாதுன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்கு லேப்ல வேலை இல்லையா இன்னிக்கு?" அவன் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவன். சனிக்கிழமை அரைநாள் உண்டு.

"லீவு சொல்லிட்டேன். இந்த வேலையை முடிச்சாகணும்ல." அவன் காகிதத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினான். "எதுக்கு இந்த வம்பு? நல்லா இருக்கற பஸ்ஸு, நடக்க ரெண்டு கால். வண்டியைக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்."

"பதினோரு மணிக்கு எலெக்ட்ரீஷியன் வர்றாருங்க. அவர் பாத்துட்டுச் சொல்லட்டும்."

"ரெண்டு நாள் வெச்சிருந்தே ஒண்ணும் கண்டுபிடிக்கல. ரெண்டு நிமிஷத்துல என்ன கண்டுபிடிக்கப் போறார்?"

இதற்குள் பூவாளியோடு மாமியார் வந்துவிட்டார். கழுத்தில் எப்போதும் தொங்கும் துணிப்பை. அதில் ஃபோன், மூக்குக்கண்ணாடி, இருமல் மிட்டாய் தொடங்கி ஒரு சின்னக் குடித்தனமே இருக்கும்.

"நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தானே இருந்துச்சு! நான் தண்ணி ஊத்த வந்தேன், என்னைப் பாத்ததும் கண்ணைச் சிமிட்டிட்டு ரெண்டு காதையும் விரிச்சுது."

கண் என்றது விளக்கை, காது என்றது பக்கக் கண்ணாடிகளை. இந்த ஒரு விஷயத்தில் மாமியாருக்குத் தலைகால் புரியாத பெருமை. வேறு யார் பக்கத்தில் போனாலும் வண்டி கல் மாதிரி நிற்கும். தான் போனால் மட்டும் விழித்துக்கொண்டு வரவேற்கும் என்று ஃபோனில் கூப்பிட்ட அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. பதிலுக்கு அவர்களும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வண்டியைக் கிழக்குப் பார்த்து நிறுத்தச் சொன்னார் தங்கை. தினமும் பத்து நிமிஷம் அதோடு பேசச் சொன்னாள் தெரிந்த பல் டாக்டரின் மனைவி. மாமியார் இரண்டையும் செய்து பார்த்துவிட்டார்.

"அம்மா, காருக்கு ஆள் தெரியாதும்மா."

"உனக்குத்தான்டா தெரியாது. நீ இந்த ரெண்டு வாரத்துல அத்தனை தடவை தள்ளியும், ஒரு தடவையாவது உன்னைத் திரும்பிப் பாத்துதா?"

வீட்டு வாசலில் மாமனார் நின்றிருந்தார். வண்டிப் பக்கமே வரவில்லை. அது அவர் வழக்கமில்லை.

மாமனாரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பத்திநாலு வருஷம் ஒரு பெரிய கிடங்கின் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷத்தில் அங்கிருந்து ஒரு திருகாணி காணாமல் போனதில்லை. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பேர் 'கொண்டி'. பூட்டிய பின் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். மூன்றாவது தடவை பாதி உடம்பு அதில் தொங்கும். வீட்டிலும் அதே சட்டம். பொழுது சாய்ந்தால் அத்தனை சாவிகளும் அவருடைய வளையத்துக்கு வந்துவிட வேண்டும். வளையம் அவருடைய கால்சட்டைப் பையில் இருக்கும். காலையில் சாவி வேண்டுமென்றால் ஒரு நீல அட்டை நோட்டில் நேரம், வாங்கியவர், காரணம் எல்லாம் எழுதித்தான் கொடுப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் அதைப் பார்த்துச் சிரித்துக் கையெழுத்துப் போட்டாள். இப்போது சிரிக்காமல் போடுகிறாள்.

பதினோரு மணிக்கு எலெக்ட்ரீஷியன் வந்தார். கனத்த ஆள், ஓய்வு பெறும் வயது. தலைமேல் ஒரு கண்ணாடி, கழுத்தில் ஒரு கண்ணாடி. கையில் கொண்டுவந்த பெட்டியை மாட்டி வண்டிக்கு உயிர் கொடுத்தார். பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி லேப்டாப்பைத் திறந்தார். திறந்துவிட்டுக் கையை முழுசாக நீட்டி அதைத் தள்ளிப் பிடித்தார். கண்ணாடியை மாற்றினார். மறுபடி தள்ளிப் பிடித்தார்.

மருமகளுக்குப் பொறுக்கவில்லை. "சார், ரெண்டு கண்ணாடியும் உங்களுக்குப் பத்தாது. குடுங்க, நான் படிக்கறேன்."

"படிங்க மேடம். எழுத்தை வரவர எறும்பு மாதிரி போடறானுங்க. அந்த மூணாவது பட்டியல். கதவு, பூட்டு, எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்கு மூடினதுன்னு வண்டியே குறிச்சு வெச்சிருக்கும்."

அவள் படித்தாள். நிறுத்தினாள். விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனாள்.

"நேத்து சாயங்காலம் ஏழரைலேர்ந்து எட்டரை வரைக்கும் நாற்பத்தேழு தடவை பூட்டு திறந்து மூடியிருக்கு சார்."

"நாற்பத்தேழா?"

"முந்தாநாள் நாற்பத்திரெண்டு. அதுக்கு முன்னாடி ஐம்பத்தொண்ணு."

எலெக்ட்ரீஷியன் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப வண்டி மேல தப்பே இல்லை. பூட்டு திறந்தா வண்டி முழிச்சுக்கும். உள்ள இருக்கற கம்ப்யூட்டர் எல்லாம் எழுந்து உக்காந்துக்கும். மறுபடி அசந்து தூங்க அரைமணி நேரமாவது ஆகும். தூங்கப் போறப்ப எல்லாம் தட்டி எழுப்பினா எந்த பேட்டரி தாங்கும்? நானே தாங்க மாட்டேன்."

"திருடனா?" என்றான் கணவன்.

"திருடனா இருந்தா ஒரு தடவை திறந்தாப் போதாதா?" என்றார் மாமியார். "நாற்பத்தேழு தடவை திறக்கறவன் திருடன் இல்லைடா, கிறுக்கன்."

மாமனாருக்குப் புரையேறியது. அவர் வாயில் அப்போது எதுவுமே இல்லை.

மருமகள் அதைப் பார்த்தாள்.

கடையில் தினமும் ஒருத்தராவது வந்து, புதுக் கண்ணாடி சரியில்லை என்று சண்டை பிடிப்பார்கள். தெரியவில்லை என்பார்கள், தலை சுற்றுகிறது என்பார்கள். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. அவள் பேசவே மாட்டாள். வீட்டில் எப்படிப் போடுவீர்களோ அப்படியே போட்டுக் காட்டுங்கள் என்பாள், அவ்வளவுதான். ஒருத்தர் உடனே கடை சோபாவில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு காட்டினார். டிவி பார்ப்பது அப்படித்தானாம். இன்னொரு அம்மாள் பழைய கண்ணாடியின் மேலேயே புதியதையும் மாட்டினாள். குறை பொருளில் இருக்காது, பழக்கத்தில் இருக்கும். சொல்லிக் கேட்டால் வெளியே வராது. செய்யச் சொன்னால் வந்துவிடும்.

"சார், புழுக்கத்துல உக்காந்திருக்கீங்க. உள்ள வந்து காபி குடிங்க. அத்தை, சாருக்குக் கொஞ்சம் காபி. ஏங்க, நீங்களும் போங்க."

மூன்று பேரும் உள்ளே போனார்கள். ஷெட்டில் வண்டியும் அவளும் மாமனாரும் மிஞ்சினார்கள்.

"மாமா, ராத்திரி வண்டியை எப்படிப் பூட்டுவீங்களோ, அப்படியே பூட்டிக் காமிங்க."

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

மாமனார் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். கதவைச் சாத்தினார். கைப்பிடியில் இருந்த சின்னப் பொத்தானை அமுக்கினார். வண்டி 'கீக்' என்றது. பக்கக் கண்ணாடிகள் மடங்கின. "பூட்டியாச்சு" என்று யாரிடமோ அறிவித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

கதவு திறந்துகொண்டது. விளக்கு எரிந்தது. கண்ணாடிகள் விரிந்தன.

மறுபடி சாத்தினார், அமுக்கினார், 'கீக்', இழுத்தார். திறந்துகொண்டது. மூன்றாவது தடவையும் அதே கதைதான்.

"தினமும் இப்படித்தாம்மா" என்றார் மாமனார். குரல் இறங்கிவிட்டது. "மூணாவது இழுப்புலயும் திறந்தா அது பூட்டே இல்லைம்மா. அதோட எப்படி விட்டுட்டு வர்றது? மறுபடி பூட்டுவேன். நாற்பது தாண்டிடும். கை விட்டுப்போயிடும். அப்புறம் உள்ள போய்ச் சாவி வளையத்தை ஆணியில மாட்டிட்டு, கையைக் கொஞ்சம் உதறிக்கிட்டு, வந்து கடைசியா ஒரு இழு இழுப்பேன். அப்பதான் அசையாம நிக்கும். அதுக்கும் நாற்பது தடவைக்கப்புறம்தான் மனசு இறங்குது."

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வயிற்றில் கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது.

"மாமா, அந்த வளையம் இப்ப எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? நீ காலையில திருப்பிக் குடுத்த கார் சாவியோட பைலதான்."

"குடுங்க."

கொடுத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு பூந்தொட்டிகளைத் தாண்டி வேலியோரம் வரை நடந்தாள். "ஒரு தடவை பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். இப்ப இழுங்க!"

இழுத்தார். கதவு அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். மூன்றாவது தடவை சக்கரத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் பாதி உடம்பைத் தொங்கவிட்டு இழுத்தார். வண்டிதான் ஆடியது, கதவு ஆடவில்லை.

"பூட்டிக்கிச்சும்மா!" மாமனாரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "மூணே தடவை! மூணுலயே நின்னுடுச்சு!"

"மாமா, இந்தச் சாவி பைல இருந்தா, வீட்டுக்காரர் வந்துட்டார்னு வண்டியே கதவைத் திறந்துவிடும். அது அப்படிச் செஞ்ச வண்டி. சாவியைப் பைல வெச்சுக்கிட்டு இழுத்தா எத்தனை தடவை இழுத்தாலும் திறக்கத்தான் செய்யும்."

வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவர் கைப்பிடியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பைக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப பேட்டரியைக் கொன்னது நான்தானா?"

அவள் வேலியோரத்திலிருந்து திரும்பி வந்து வளையத்தை அவரிடம் நீட்டினாள்.

"முதல் நாள் ராத்திரியே பூட்டு சரியில்லைன்னு சொல்லியிருப்பேன்" என்றார் மாமனார். "சொன்னா வண்டியைத் திருப்பிடுவான் உன் புருஷன். திருப்பினா உனக்கு அந்தக் கடை போயிடும். அதான் யார்கிட்டயும் மூச்சு விடல. எத்தனை தடவை ஆனாலும் சரி, நாம இழுத்துப் பூட்டிக்கலாம்னு இருந்துட்டேன். உன் வண்டி, உன் பேர்ல இருக்கு. தொலைஞ்சா உனக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தொண்டைவரை வந்த சிரிப்பு அங்கேயே வேறொன்றாக மாறிவிட்டது. பெற்ற அப்பா அவளுக்கு ஒரு சைக்கிளுக்குக்கூட இப்படிக் காவல் இருந்ததில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா, காபி ஆறிடும்" என்றாள்.

உள்ளே எலெக்ட்ரீஷியன் இரண்டாவது கோப்பையில் இருந்தார். மடியில் அறிக்கைப் படிவம்.

"மேடம், இதுல ஒரு கட்டம் இருக்கு. கோளாறுக்குக் காரணம் யாருன்னு எழுதணும். ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார். நான்தான்" என்றாள் மருமகள். "சாவியைக் கைல வெச்சுக்கிட்டே, பூட்டிடுச்சான்னு இழுத்து இழுத்துப் பாத்திருக்கேன். எனக்கு அது தோணவே இல்லை."

கணவன் அவளையே பார்த்தான். "நீயா? நாற்பத்தேழு தடவையா?"

"எழுதாதீங்க!" என்றார் மாமனார். கிடங்கின் மறுகோடிவரை கேட்ட குரல் அது. எலெக்ட்ரீஷியன் கையில் இருந்த கோப்பை ஆடியது. "தப்பான பதிவு. என் கண்ணு முன்னாடி ஒரு தப்பான பதிவு இதுவரைக்கும் ஏறினதில்லை. இழுத்தது நான். சாவி என் பைல. எழுதிக்குங்க."

"நீங்களா?" மாமியார் இடுப்பில் கைவைத்தார். "நாற்பத்தேழா? அதான் தினமும் தோள் வலிக்குதுன்னு தைலம் தேய்க்கச் சொன்னீங்களா?"

"ஆமா."

"ஐயோ, அப்ப நாற்பத்தொண்ணுன்னு எழுதிக்குங்க சார். ஆறு என்னுது."

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவர் ஒழுங்கா பூட்டினாரான்னு நான் போய்ப் பாக்க வேண்டாமா? போவேன், இழுப்பேன், திறந்துக்கும். இந்த மனுஷனுக்கு வயசாயிடுச்சு, பூட்ட மறந்துட்டார்னு நினைச்சு நானே பூட்டிட்டு வருவேன். சொன்னா மனசு நோகும்னு சொல்லல."

"அத்தை, உங்ககிட்ட ஏது சாவி?"

மாமியார் கழுத்துப் பையைத் திறந்தார். ஃபோன், கண்ணாடி, இருமல் மிட்டாய், எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டாவது கார் சாவி. "ஷோரூம்ல ரெண்டு குடுத்தான்ல. ஒண்ணு ஆபத்துக்கு இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன். ஏன், இதுலயும் ஏதாவது தப்பா?"

எலெக்ட்ரீஷியன் கழுத்துப் பையைப் பார்த்தார். "அம்மா, வண்டி உங்களைப் பாத்துக் கண் சிமிட்டுதுன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"அது உங்களைப் பாத்து இல்லைம்மா. இந்தப் பையைப் பாத்து."

மாமியாரின் முகம் விழுந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊரெல்லாம் சொல்லிவைத்த பெருமை. மருமகள் அவசரமாக, "முதல்ல உங்களைப் பாத்துதான் அத்தை சிமிட்டியிருக்கும்" என்றாள். மாமியார் அதை உடனே நம்பினார்.

எலெக்ட்ரீஷியன் படிவத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து எழுதினார்: வண்டியில் குறை ஏதும் இல்லை.

"அப்ப இந்த வீட்டுல இருக்கற குறை?" என்றார் மாமனார் சோர்வாக.

"அதுக்கு எங்ககிட்ட ஃபாரம் இல்லை சார். ரெண்டு சாவியையும் ராத்திரியில ஒரு தகர டப்பாவுல போட்டுச் சமையலறையில வெச்சுடுங்க. வெறுங்கையோட வந்து ஆசை தீர எத்தனை தடவை வேணாலும் இழுத்துக்குங்க. அந்தப் பட்டியலை உங்க ஃபோனுக்கு அனுப்பிட்டேன் மேடம்."

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு எங்க புதுக் கடைக்கு வாங்க சார். உங்க கண்ணைப் பாக்கணும். ஒரே கண்ணாடியில ரெண்டும் தெரியற மாதிரி போட்டுத் தர்றேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. புதுக் கடை என்று சொல்லிவிட்டாள். அவர் போன கையோடு முதலாளியைக் கூப்பிட்டு, வண்டி இருக்கிறது, வருகிறேன் என்றாள். கையெழுத்துப் போடாத படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

கணவன் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஷோரூம்ல வேற ஃபாரம் கேட்டா குடுப்பாங்க" என்றான் மெதுவாக. "அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. யோசிச்சுப் பாரு."

"இன்னும் என்னங்க யோசிக்கறது? அதான் குறை இல்லைன்னு ஆயிடுச்சே."

அவன் எழுந்து வாசல் பக்கம் போனான்.

மதியம் சாப்பாடு முடிந்து மாமனார் நீல அட்டை நோட்டோடு வந்தார். காலையிலிருந்து சுருங்கிப்போயிருந்த மனிதர் கொஞ்சம் தேறியிருந்தார். புதுப் பக்கத்தில், புது விதி: 'இன்று முதல் கார் சாவிகள் இரண்டும் இரவில் சமையலறைத் தகர டப்பாவில். வெறுங்கையால் மூன்று இழுப்பு மட்டும்.' பட்டப்பகலிலேயே ஒரு ஒத்திகை பார்த்துவிட்டாராம். சாவிகள் டப்பாவில். மூன்றே இழுப்பில் வண்டி பூட்டிக்கொண்டது.

"சரியா எழுதியிருக்கேனான்னு பாரும்மா. உன் கையெழுத்தும் வேணும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். மாமனார் தோளைத் தேய்த்துக்கொண்டு படுக்கப் போனார். நோட்டு மேஜைமேலேயே இருந்தது. அவள் ஃபோனை எடுத்து, எலெக்ட்ரீஷியன் அனுப்பிய பட்டியலை இன்னொரு தடவை, ஒரு கதை படிக்கிற மாதிரி, ஆரம்பத்திலிருந்து படித்தாள். திங்கள் நாற்பத்தைந்து. செவ்வாய் முப்பத்தெட்டு. ஒவ்வொரு வரியிலும் மாமனார் இழுத்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

புதன்கிழமையில் சிரிப்பு நின்றது.

புதன், காலை 10.05. ஓட்டுநர் கதவு திறப்பு. 10.06, ஓட்டுநர் கதவு மூடல். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மாலை 4.40, ஓட்டுநர் கதவு திறப்பு. நடுவில் வண்டி ஓடிய தூரம் பூஜ்யம்.

புதன்கிழமை அவள் கடையில் இருந்தாள். மாமனாரும் மாமியாரும் முழங்கால் டாக்டரைப் பார்க்கப் போய் ஐந்து மணிக்கு மேல்தான் திரும்பினார்கள். வீட்டில் ஈ காக்கை கிடையாது. ஆறரை மணி நேரம் வண்டிக்குள் யார் உட்கார்ந்திருந்தது? மாமியாரின் சாவி மாமியார் கழுத்தில் போயிருக்கும். இன்னொன்று?

நோட்டில் முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். மாமனாரின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

'புதன். காலை 8.20. கார் சாவி வெளியே. வாங்கியவர்: மகன். காரணம்: சாவிக்குள் இருக்கும் செல்லைக் கடையில் காட்ட. இரவு 7.05. உள்ளே.'

கீழே அவனுடைய கையெழுத்து இருந்தது.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்புவது என்பது இதுதானோ? பின்னுக்குத் தள்ளியிருந்த சீட்டு ஞாபகம் வந்தது. நேற்றே நிரப்பிவைத்த படிவமும், இன்று சொன்ன லீவும் ஞாபகம் வந்தன. புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, லேப்பில் இன்றைக்கு எட்டு பல் செட் முடித்தோம் என்று சொன்னது நன்றாகவே ஞாபகம் இருந்தது. அவள் தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டே, "எட்டா!" என்று ஆச்சரியப்பட்டிருந்தாள். அன்று லேப்புக்கே போகாதவனுக்கு அந்த வேலை இன்னும் இருக்கிறதா?

அவன் வாசற்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். கோபமாகக் கேட்கத்தான் வந்தாள். பக்கத்தில் வந்தபோது அவனுடைய கழுத்துப் பின்புறம் சின்னப் பையனுடையது மாதிரித் தெரிந்தது.

"ஏங்க."

"ம்."

"புதன்கிழமை வேலைக்கு எப்படிப் போனீங்களோ, அப்படியே போய்க் காமிங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கையில் இருந்த நீல நோட்டைப் பார்த்தான். பிறகு எழுந்து உள்ளே போனான். ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருக்கதவு வரை நடந்தான்.

அங்கே ஒரு நிமிஷம் நின்றான். தெருவைப் பார்த்தான். திறக்காமலே திரும்பினான். பூந்தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஷெட்டுக்குப் போய், ஓட்டுநர் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான்.

கதவு திறக்கவில்லை. மாமனார் இன்று சரியாகப் பூட்டியிருந்தார்.